மாயச் செருப்பும் ஊர்த்தெருவும்

(பாப்பிரெட்டிப்பட்டியில், இரவுப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இளைஞர்களுக்காக நடந்த வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முக்கால் மணி நேரம் தாமதமாக வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். காரணம் கொஞ்சம் வெட்கமானது. தருமபுரி பேருந்து நிலையத்தில் வண்டியில் ஏறி, சன்னல் ஓரம் இடம் பிடித்து, கண்ணையும் மூடிவிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் "எங்க தம்பி போறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "இது பாப்பாரப்பட்டி வண்டி தம்பி, இறங்குங்க இறங்குங்க" என்று விரட்டினார். சுப்பிரமணிய சிவா 1925-இல் இறந்துபோன ஊர் பாப்பாரப்பட்டி. அது மேற்கே இருக்கிறது. வாணியாறு அணைப்பக்கம் இருக்கிற உங்கள் ஊர் தென்கிழக்கே. பெயரைக் கேட்டால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஏறி உட்கார்ந்தால் எதிர்த்திசைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

இதைச் சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. இன்று நான் பேச வந்த விஷயமும் இதுதான். போன வாரம் உங்களில் ஒரு தோழர் தொலைபேசியில் கேட்டார்: "தோழர், பிள்ளைகளுக்குப் பேய், மாயம், பறக்கிற செருப்புன்னு கதை சொல்றது சரியா? ஒருபக்கம் பகுத்தறிவு பேசிட்டு, இன்னொருபக்கம் நாமே மூடநம்பிக்கையை விதைக்கிற மாதிரி ஆயிடாதா?"

நியாயமான கேள்வி. நம் இயக்கங்களில் பல ஆண்டுகளாக இருக்கிற கேள்வியும்கூட. என் பதில் இதுதான்: புராணமும் மாயக்கதையும் பாப்பாரப்பட்டியும் பாப்பிரெட்டிப்பட்டியும் மாதிரி. ஒலி ஒன்றுபோல இருக்கும். போய்ச் சேரும் இடம் வேறு.

ஒரு கதையை வைத்தே பேசுவோம். வங்காளத்தில் உபேந்திரகிஷோர் ராய் என்று ஒருவர் இருந்தார். சத்யஜித் ரேயின் தாத்தா. ஜமீன் வீட்டில் தத்துப்பிள்ளையாக வளர்ந்து, பிறகு பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தவர். 1913-இல் பிள்ளைகளுக்காக 'சந்தேஷ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதில் 1915-இல் 'கூபி கைன் பாகா பைன்' என்ற கதையை எழுதினார். அதைத்தான் பேரன் சத்யஜித் ரே 1969-இல் திரைப்படமாக எடுத்தார். தன் மகன் சந்தீப், 'எப்போதும் சோகமான படமே எடுக்கிறீர்கள், எனக்குப் பிடித்த மாதிரி ஒன்று எடுக்கக்கூடாதா' என்று கேட்டதால் எடுத்த படம் அது. படத்தில் வருகிறபடியே கதையைச் சொல்கிறேன்.

கூபி ஒரு கிராமத்துப் பையன். பாட்டு என்றால் உயிர். ஆனால் குரல் கழுதைக் குரல். ஊரில் மரத்தடியில் உட்கார்ந்து பொழுதுபோக்கும் மேல்சாதிப் பெரியவர்கள் அவனைக் கூப்பிட்டு, 'ஆகா, என்ன பாட்டு! இதை நீ விடியற்காலையில் ராஜா படுக்கும் அறைக்குக் கீழே நின்று பாடினால் பரிசு கொட்டும்' என்று ஏற்றிவிடுகிறார்கள். அவன் நம்பிப் போய்ப் பாடுகிறான். ராஜாவுக்குத் தூக்கம் கெடுகிறது. கூபியின் தம்புராவை உடைத்து, கழுதையில் ஏற்றி, ஊரைவிட்டு விரட்டுகிறார்கள். பக்கத்து ஊரில் பாகா என்று இன்னொருவன். டோல் என்னும் மேளம் அடிப்பவன். அவனையும் அவன் ஊர் இதே மாதிரி விரட்டியிருக்கிறது. இரண்டு பேரும் மூங்கில் காட்டில் சந்திக்கிறார்கள். புலி வருகிறது. புலி போன பிறகு பேய்கள் வருகின்றன.

ஊரே காதைப் பொத்திக்கொண்ட பாட்டும் மேளமும் பேய்களுக்குப் பிடித்துப்போகிறது! பேய்களின் ராஜா மூன்று வரம் தருகிறார். நினைத்த உணவும் உடையும் வரும். மாயச் செருப்பைப் போட்டால் நினைத்த இடத்துக்குப் போகலாம். மூன்றாவது வரம், இவர்கள் பாடி மேளம் அடித்தால் கேட்பவர்கள் அசைய முடியாமல் அப்படியே நின்றுவிடுவார்கள். பிறகு ஷுண்டி, ஹல்லா என்று இரண்டு நாடுகள் வருகின்றன. ஹல்லா நாட்டு மந்திரி தன் ராஜாவுக்கு மருந்து கொடுத்து வெறியேற்றி, ஷுண்டி மேல் படையெடுக்க வைக்கிறான். ஆனால் அந்தப் படைவீரர்கள் பட்டினியில் கிடக்கிறார்கள். போர் தொடங்கும் நேரத்தில் கூபியும் பாகாவும் பாடுகிறார்கள். வானத்திலிருந்து பானை பானையாக இனிப்பு இறங்குகிறது. வீரர்கள் ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் போர்.

இப்போது தோழரின் கேள்விக்கு வருவோம். இதில் பேய் இருக்கிறது, வரம் இருக்கிறது, மாயம் இருக்கிறது. இதற்கும் புராணத்துக்கும் என்ன வேறுபாடு?

உத்தர காண்டத்தில் சம்பூகன் கதை இருக்கிறது. சூத்திரன் ஒருவன் தவம் செய்தான் என்பதற்காக ராமன் அவன் தலையை வெட்டுகிறான். வெட்டியதும் செத்துக் கிடந்த பார்ப்பனச் சிறுவன் உயிர்பெற்று எழுகிறான். அதுவும் மாயம்தான். பெரியபுராணத்தில் நந்தனார் தில்லையில் தீயில் இறங்கி, பூணூலணிந்த முனிவராக வெளியே வருகிறார். அதுவும் மாயம்தான். அந்த மாயங்கள் யாருக்காக வேலை செய்கின்றன என்று பாருங்கள். தனக்கு விதிக்கப்பட்ட இடத்தைவிட்டு ஒருவன் நகர்ந்தால் அவன் தலை போகிறது. அல்லது தன் உடம்பையே எரித்து இன்னொருவராக மாறினால்தான் வாசல் திறக்கிறது. மேலே இருப்பவர் மேலேயே இருக்கிறார். கூபி கதையிலும் மாயம் வேலை செய்கிறது. ஊர் துரத்திய மேளக்காரன் கை வைத்தால் ராஜாவின் படை அசையாமல் நிற்கிறது. ஒன்றில் மாயம் வேலியைக் காக்கிறது. மற்றதில் வேலியைப் பிடுங்குகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. புராணம் 'இது நடந்தது, நம்பு, கும்பிடு' என்கிறது. கேள்வி கேட்டால் கண்ணைக் குத்தும். மாயக்கதை 'இது நடக்கவே இல்லை. நடந்தால் எப்படி இருக்கும்?' என்று கேட்கிறது. பறக்கும் செருப்புக்குக் கோயில் கட்டவேண்டும் என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. அது விளையாட்டு என்று குழந்தைக்குத் தெரியும். தெரியாதது பெரியவர்களுக்குத்தான்.

நம் மரபிலும் இப்படிப்பட்ட கனவுகள் இருக்கின்றன. 1940-களில் பெரியார் 'இனிவரும் உலகம்' என்று பேசினாரே, அதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிப் பாருங்கள். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாத் தந்திச் சாதனம் இருக்கும் என்கிறார், ஆணும் பெண்ணும் சேராமலே குழந்தை பிறக்கும் என்கிறார். அன்றைக்குக் கேட்டவர்களுக்கு அது கூபியின் செருப்பைவிடப் பெரிய மாயமாக இருந்திருக்கும். 1905-இல் ரொக்கையா என்ற வங்காள முஸ்லிம் பெண் 'சுல்தானாவின் கனவு' என்று ஒரு கதை எழுதினார். அதில் பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். ஆண்கள் ஒரு நாளில் ஆறு மணி நேரத்தைச் சுருட்டுப் பிடித்தே கழிக்கிறார்கள் என்று கணக்குப்போட்டுக் கிண்டல் செய்கிறார். சூரிய வெப்பத்தைத் திருப்பிவிட்டே எதிரிப் படையை ஓட்டுகிறார்கள். அந்தக் கதை முதலில் அச்சானது நம் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் பத்திரிகையில்தான். ஒடுக்கப்பட்டவர்கள் நகைச்சுவையோடு கனவு காண்பது புதுப் பழக்கமில்லை, தோழர்களே.

நகைச்சுவை என்றேன். அதிலும் கவனம் வேண்டும். சிரிப்பு என்பது நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் கேட்கும் சிரிப்பு எப்படிப்பட்டது? நிறத்தைச் சொல்லிச் சிரிப்பு. அம்மா பார்க்கும் வேலையைச் சொல்லிச் சிரிப்பு. சினிமாவில் வரும் பட்டப்பெயரை வைத்துச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எப்போதும் மேலிருந்து கீழே விழும் கல். கூபியை ஏமாற்றிய மரத்தடிப் பெரியவர்கள் சிரித்தது அந்தச் சிரிப்பு. படம் அந்தக் கல்லைத் திருப்பி எறிகிறது. படம் பார்க்கிற குழந்தை யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? தொப்பை மந்திரியைப் பார்த்து, தூங்கி வழியும் ராஜாவைப் பார்த்து. தமிழில் இதற்கு ஒரு மூத்த உதாரணம் உண்டு. வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதை. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று காசு கொடுத்து வாங்கும் குருவும், மட்டி, மடையன் என்று பெயர்கொண்ட அய்ந்து சீடர்களும். குருபீடத்தைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதை சொன்னது. அதே கதையில் ஒரு சீடனுக்கு 'மிலேச்சன்' என்று பெயர். சிரிப்புக் கதைக்குள்ளும் வசைச்சொல் நுழைந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லித்தரும் இரவுப் பாடசாலையில் இந்தக் கதையைச் சொன்னேன். அது ஒரு காலனி. எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம், எல்லா ஊரும் அதுதான். கதை முடிந்ததும் "உங்களுக்கு அந்த மூணு வரம் கிடைச்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

முதலில் சாப்பாடு. பிரியாணி, பரோட்டா, ஐஸ்கிரீம் என்று ஒரே கூச்சல். பின்வரிசையில் இருந்த ஒரு பையன் மட்டும் எழுந்துவந்து என் காதுக்குப் பக்கத்தில் கேட்டான்: "அண்ணா, மாட்டுக்கறின்னு சொல்லலாமா?"

யோசித்துப் பாருங்கள். கேட்பது வரம். கொடுப்பது பேய். செலவு இல்லை. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் அவன் தெருப் பிள்ளைகள். அப்படியும் அவனுக்கு அனுமதி தேவைப்படுகிறது. "சத்தமா சொல்லுடா" என்றேன். சொன்னான். எல்லாரும் கைதட்டினார்கள். அதன்பிறகு பிரியாணியிலேயே பாதிப் பேர் கட்சி மாறிவிட்டார்கள்.

அடுத்தது செருப்பு. ஊட்டி போகணும், சென்னைக்குப் போய் விஜய்யைப் பார்க்கணும் என்றெல்லாம் வந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "அண்ணா, அந்தச் செருப்பப் போட்டுக்கிட்டு ஊர்த்தெருவுல போனா கழட்டச் சொல்வாங்களா?"

பக்கத்தில் இருந்த பையன் உடனே பதில் சொன்னான்: "ஏய் லூசு, அது பறக்கிற செருப்பு. தெரு எதுக்கு? மேலயே போயிடலாம்."

அவள் சொன்னாள்: "எனக்குப் பறக்க வேணாம். நடக்கணும்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய தெருக்கள் தமிழ்நாட்டில் இருந்தன. இன்னும் இருக்கின்றன. அது நமக்குத் தெரிந்த செய்தி. ஆனால் அந்தத் தெரு ஒரு குழந்தையின் கற்பனைக்குள்ளேயும் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். சாதி நிலத்தில் வேலி போட்டிருக்கிறது, குளத்தில் போட்டிருக்கிறது, சுடுகாட்டில் போட்டிருக்கிறது என்று பேசுகிறோம். ஆசைப்படும் இடத்திலும் போட்டிருக்கிறது. அந்த வேலியைச் சட்டம் போட்டுப் பிடுங்க முடியாது. அங்கே கதைதான் போகமுடியும்.

மூன்றாவது வரம் மேளம். இங்கே நான் பேசாமல் இருந்தேன். பிள்ளைகள்தான் பேசினார்கள். அவர்களில் பலருடைய தாத்தாக்கள் சாவுக்குப் பறை அடித்தவர்கள். விருப்பப்பட்டு அடித்ததில்லை, அடிக்க வைக்கப்பட்டவர்கள். பாகா மேளம் அடித்ததும் ராஜாவும் மந்திரியும் அசையாமல் நிற்கும் இடத்தை மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னார்கள். ஒருவன் ராஜாவாக நின்றான். ஒருவன் தகர டப்பாவில் அடித்தான். ராஜா கொசு கடித்தும் சொறிய முடியாமல் நின்றான். பாடசாலை அன்றைக்கு ஒன்பதரை மணிக்குத்தான் முடிந்தது.

படத்தில் வரும் பேய் நடனத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன். நான்கு வகைப் பேய்கள் ஆடும். ராஜாக்கள், சாதாரணக் குடிமக்கள், வெள்ளைக்காரர்கள், தொப்பை பெருத்தவர்கள். ஒவ்வொரு கூட்டமும் தமக்குள்ளேயே அடித்துக்கொண்டு சாகும். அதற்கு ரே பயன்படுத்தியது நம் பக்கத்துத் தாளக்கருவிகளை: மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங். பறை இல்லை. சபைக்குள் விடப்பட்ட கருவிகள்தாம் கல்கத்தாப் பேய்களிடமும் போய்ச் சேர்ந்தன. அந்த மிருதங்கத்துக்கும் தோல் பதப்படுத்தி, வார்பிடித்துக் கட்டித் தருபவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவக் குடும்பங்கள் என்பதை டி.எம்.கிருஷ்ணா 2020-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். ஆக, பாகாவின் கதையை நாம் எழுதினால் அவன் கையில் என்ன கருவி இருக்கும் என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்த மாயம் தனியாக வேலை செய்யாது. கூபியின் கையும் பாகாவின் கையும் ஒன்றோடொன்று தட்டினால்தான் சாப்பாடு வரும், செருப்பு பறக்கும். ஒருவன் மட்டும் எவ்வளவு வரம் வாங்கியிருந்தாலும் பயனில்லை. அடுத்தவன் கையைத் தொட்டாக வேண்டும். ரே தீண்டாமையை மனத்தில் வைத்து இதை அமைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தொட்டால் தீட்டு என்று சொல்லும் நாட்டில், தொட்டால்தான் மாயம் என்று ஒரு கதை இருக்கும்போது அதை நாம் எடுத்துக்கொள்ளத்தானே வேண்டும்?

கதையில் குறையே இல்லையா? இருக்கிறது. கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு இளவரசியைக் கட்டிக்கொள்கிறார்கள். அந்த இளவரசிகளை யாரும் எதுவும் கேட்பதில்லை. சிம்மாசனமும் அப்படியே இருக்கிறது. ஊர் துரத்தியவன் அரண்மனை மருமகனாவதுதான் விடுதலை என்றால், அது பாதி விடுதலை. ரேயே 1980-இல் எடுத்த அடுத்த பாகத்தில் இதைவிட ஒருபடி மேலே போகிறார். வைர ராஜா பள்ளிக்கூடத்தை மூடுகிறான், புத்தகத்தை எரிக்கிறான், எதிர்த்துப் பேசுபவர்களின் மூளையைச் சலவை செய்ய ஓர் இயந்திரம் வைத்திருக்கிறான். கடைசியில் அதே இயந்திரத்தில் ராஜாவே சிக்கி, தன் சிலையைத் தானே கயிறு கட்டி இழுக்கிறான். நெருக்கடிநிலை முடிந்து சில ஆண்டுகளே ஆன நேரத்தில் வந்த படம் அது.

சரி, நம் தமிழில் என்ன இருக்கிறது? 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவில் நாம் எல்லாரும் பறந்திருக்கிறோம். அந்த உலகத்தில் அடிக்கடி வந்தவர்கள் ராஜகுமாரர்களும் ஏழை அந்தணர்களும். நம் தெருவிலிருந்து யாரும் அந்தக் குதிரையில் ஏறியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் இப்போது நிலை மாறிவருகிறது. யெஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நாவலில் மரப்பாச்சி பொம்மை உயிர்பெற்று, ஒரு பெரியவரின் தவறான தொடுகையால் தவிக்கும் சிறுமிக்குத் துணை நிற்கிறது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடிக் காலத்துக்கே ஒரு சிறுவனைக் கூட்டிப்போகிறது. விஷ்ணுபுரம் சரவணன் 'ஒற்றைச் சிறகு ஓவியா' எழுதினார். மூன்றுமே மாயக்கதைகள். 2020, 2023, 2025 என்று மூன்றுமே சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றவை. சாதிக் கயிற்றைப் பற்றி 'கயிறு' என்று பிள்ளைகளுக்கு எழுதியவரும் சரவணன்தான். அந்தக் கயிறு எவ்வளவு பெரிய பிரச்சினை என்பது, பள்ளிகளில் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024-இல் அரசுக்குப் பரிந்துரைத்ததிலேயே தெரியும்.

இவை போதாது. இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படிக்க ஒரு சாகச நாவல் வேண்டும். தருமபுரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வாச்சாத்தி தெரியும், நத்தம் தெரியும். 1992 ஜூன் 20-இல் வாச்சாத்தியில் நடந்ததற்கு 2011-இல்தான் தீர்ப்பு வந்தது. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். 2012 நவம்பர் 7-இல் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி எரிந்தன. இவற்றைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. ஆனால் எரிந்த கதையை மட்டுமே கேட்டு வளரும் குழந்தை, தன்னைப் பாதிக்கப்பட்டவளாக மட்டுமே பார்க்கப் பழகிவிடும். அவளுக்குப் புலியை ஏமாற்றவும், மந்திரியைச் சொறிய விடாமல் நிற்கவைக்கவும் ஒரு கதை வேண்டும்.

அதை நீங்கள்தான் எழுத வேண்டும். வாணியாற்றில் ஒரு பேய் இருக்கட்டும். சித்தேரி மலையிலிருந்து ஒரு பெண் வரட்டும். மரவள்ளிக் காட்டுக்குள் ஒரு சுரங்கம் திறக்கட்டும். உங்கள் கதாநாயகி பயப்படட்டும், பொய் சொல்லட்டும், மாட்டுக்கறி சாப்பிடட்டும். தயவுசெய்து கடைசிப் பக்கத்தில் அவளை மேடையேற்றி நீதி பேச வைத்துவிடாதீர்கள். நான் இப்போது செய்வதுபோல.

அந்தப் பெண்பிள்ளைக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. கழட்டச் சொல்வார்களா என்று அவள் கேட்டது கதையைப் பற்றி மட்டும் இல்லையே. மறுவாரம் அவளே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். அவள் கதையில் செருப்பு பறக்கவில்லை. அவள் ஊர்த்தெருவில் நடக்கிறாள். கழட்டச் சொல்ல வாயைத் திறப்பவர்களுக்கெல்லாம் வாயிலிருந்து தவளை குதிக்கிறது. தெரு முழுக்கத் தவளை. அவள் ஒன்றைக்கூட மிதிக்காமல், பார்த்துப் பார்த்து நடந்து, கடையில் தேன்மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

அதன் இரண்டாம் பாகத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். தவளைகளை என்ன செய்வது என்று எங்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது.

நேரமாகிவிட்டது. திரும்பிப் போகும்போது பெயர்ப்பலகையை ஒருமுறைக்கு இருமுறை பார்த்து ஏறுகிறேன்.